நடக்காததற்கு ஓர் இறந்தகாலம்

"இஃப் ஹீ கேம் டுமாரோ, ஐ வுட் டெல் ஹிம்." இலக்கணப்படி இந்த இங்கிலீஷ் வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் நின்று பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. 'கேம்' என்பது 'கம்' என்ற வினையின் இறந்தகாலம். 'டுமாரோ' இன்னும் விடியாத நாள். நேற்று வந்துபோனவனுக்கு உரிய வினையை எடுத்து, நாளைக்கு வருவானா என்றே தெரியாத ஒருவனுக்குப் போட்டிருக்கிறார்கள். இங்கிலீஷ் பேசும் வீட்டில் வளர்ந்தவர்கள் இதைக் கவனிப்பதுகூட இல்லை. வெளியிலிருந்து போய்க் கற்றுக்கொண்ட நமக்குத்தான் இடறுகிறது.

பள்ளியில் இதற்கு 'இஃப் கிளாஸ்' என்று பெயர். மூன்று வகை என்று கரும்பலகையில் அட்டவணை போடுவார்கள். முதல் வகையில் 'கம்ஸ்' வந்தால் 'வில்' வரும். இரண்டாம் வகையில் 'கேம்' வந்தால் 'வுட்' வரும். மூன்றாம் வகையில் 'ஹேட் கம்' வந்தால் 'வுட் ஹேவ் டோல்ட்' வரும். மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த அட்டவணையின் குறை, சுவாரசியமான ஒரே விஷயத்தை அது மறைத்துவிடுவதுதான். நடக்கக்கூடியதைச் சொல்ல நிகழ்காலம். நடப்பது சந்தேகம் அல்லது வெறும் கற்பனை என்றால் இறந்தகாலம். நடக்கவே இல்லை, இனி நடக்கவும் வழியில்லை என்றால் இறந்தகாலத்துக்கும் முந்தைய இறந்தகாலம். உண்மையை விட்டு ஓரடி விலகும்போதெல்லாம் வினைச்சொல்லும் காலத்தில் ஓரடி பின்னால் போகிறது. 'வுட்' என்பதே 'வில்'லின் பழைய இறந்தகாலம்தான். ஆகவே நிபந்தனை, விளைவு என்ற இரண்டு பாதியும் ஒன்றாகவே பின்வாங்குகின்றன.

தமிழ் அறிந்தவர்கள் எழுதும் இங்கிலீஷில் அடிக்கடி தட்டுப்படும் ஒரு பிழைக்கு இங்கே காரணம் கிடைக்கிறது. "மழை பெய்திருந்தால் பயிர் விளைந்திருக்கும்" என்கிறோம். 'பெய்திருந்தால்' என்பதில் 'இரு' என்ற துணைவினை இறந்தகாலத்தில் நிற்கிறது. 'ஹேவ்' இறந்தகாலமாகி 'ஹேட்' ஆவதும் இதே வேலைதான். அந்த இடத்தில் இரண்டு மொழிகளும் அச்சாகப் பொருந்துகின்றன. இரண்டாம் பாதியில் தமிழ் 'இருக்கும்' என்று எதிர்காலத்துக்குப் போய்விடுகிறது. இங்கிலீஷோ அங்கும் இறந்தகாலத்தையே பிடித்துக்கொண்டு 'வுட் ஹேவ்' என்கிறது. தமிழின் பழக்கத்தில் எழுதுகிறவர் கை 'வில் ஹேவ்' என்று எழுதிவிடுகிறது. அவருக்கு இலக்கணம் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு மொழியின் இலக்கணம் நன்றாகத் தெரிந்திருப்பதால் வரும் பிழை இது.

முதல் வகையிலும் ஒரு சிக்கல் உண்டு. 'இஃப் ஹீ வில் கம் டுமாரோ' என்று எழுதக் கூடாது, 'கம்ஸ்' என்றுதான் எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் 'இஃப் யூ வில் வெயிட் அ மினிட்' என்று வரவேற்பறையில் சொல்வது தப்பில்லை. அங்கே 'வில்' எதிர்காலத்தைக் குறிக்கவில்லை, உங்கள் விருப்பத்தைக் கேட்கிறது. "கொஞ்சம் காத்திருக்க மனம் இருந்தால்" என்பதே அதன் பொருள்.

இனி, இங்கிலீஷ் பத்திரிகைகளின் ஆசிரியர் மேசையில் அதிகம் சண்டை மூட்டும் இரண்டு சொற்களுக்கு வருவோம்: 'வாஸ்', 'வேர்'. ஒருமைக்கு 'வாஸ்', பன்மைக்கு 'வேர்' என்று படித்தவருக்கு 'இஃப் ஐ வேர் யூ' என்பது எழுத்துப்பிழை போலத் தோன்றும். நான் ஒருவன்தானே, 'வாஸ்' அல்லவா வர வேண்டும்?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய இங்கிலீஷில் கற்பனைக்கும் விருப்பத்துக்கும் வினைகள் தனி விகுதிகளை வைத்திருந்தன. சொல்லின் கடைசியில் அழுத்தம் இல்லாமல் நின்ற அந்த உயிரொலிகள் பிறகு வந்த சில நூற்றாண்டுகளில் தேய்ந்து மறைந்தன. விகுதி போனதும் கற்பனை வடிவமும் சாதாரண இறந்தகாலமும் ஒன்றாகக் கலந்துவிட்டன. 'கேம்' போன்ற சொற்களில் இன்று வேறுபாடே தெரியாது. தப்பிப் பிழைத்தது 'பீ' வினை மட்டும்தான், ஏனென்றால் அதன் வேறுபாடு விகுதியில் மட்டும் இல்லாமல் சொல்லின் உடம்பிலேயே நிலைத்துவிட்டது. ஒருமை இறந்தகாலத்தில் 'ஸ்' ஒலி. பன்மையிலும் கற்பனையிலும் 'ர்' ஒலி.

ஏன் ஓரிடத்தில் 'ஸ்', இன்னோரிடத்தில் 'ர்'? இதற்கு விடை கண்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வெர்னர். 1870களின் நடுவில், ஆர்ஹுஸ் நகரில் இருந்தபோது, ஒருநாள் பகலில் தூக்கம் வரட்டும் என்று ஃபிரான்ஸ் போப் எழுதிய ஒப்பிலக்கண நூலை எடுத்துப் பிரித்தாராம். பக்கத்தில் சமஸ்கிருதத்தின் 'பிதர்', 'ப்ராதர்' என்ற இரண்டு சொற்கள் கண்ணில் பட்டன. தந்தை, சகோதரன். இரண்டிலும் நடுவில் ஒரே 'த' ஒலி. ஜெர்மானிய மொழிகளிலோ அந்த 'த' ஒரு சொல்லில் ஒரு விதமாகவும் மற்றதில் வேறு விதமாகவும் மாறியிருந்தது. ஒரே ஒலி ஏன் இரண்டு வழியில் போக வேண்டும்? வேத சமஸ்கிருதத்தில் 'பிதர்' என்ற சொல்லில் அழுத்தம் கடைசி அசையில் விழுகிறது, 'ப்ராதர்' என்பதில் முதல் அசையில். முன் அசையில் அழுத்தம் இருந்தால் ஒலி கெட்டியாகவே நின்றது, இல்லாவிட்டால் இளகியது. அப்படி இளகிய 'ஸ்' முதலில் 'இசட்' எழுத்தின் அதிரும் ஒலியாகி, பின்பு 'ர்' ஆனது. 'வாஸ்' என்ற சொல்லுக்கு மூலமான வடிவில் அழுத்தம் சொல்லின் அடியில் இருந்தது. 'வேர்' என்பதன் மூலத்தில் விகுதியில் இருந்தது.

வேதம் ஓதியவர்கள் ஏற்ற இறக்கம் பிசகாமல் வாய்வழியாகக் காத்த அழுத்தம், இங்கிலீஷின் ஒரு 'ர்' ஒலிக்கு விளக்கமாகிவிட்டது. 'இஃப் ஐ வேர் யூ' என்று எழுதும் ஒவ்வொருவரும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய உச்சரிப்பு ஒன்றின் தடத்தைத் தெரியாமலே எழுதுகிறார்கள்.

இந்த 'வேர்' இன்று சாகக் கிடக்கிறதா? எச். டபிள்யூ. ஃபௌலர் 1926இல் வெளியிட்ட இங்கிலீஷ் வழக்கு அகராதியில், இவ்வகை வடிவங்கள் சில வழக்குகளைத் தவிர மற்றபடி அழியும் நிலையில் இருக்கின்றன என்று கணித்தார். சுமார் ஒரு நூற்றாண்டு போய்விட்டது; பேச்சில் 'இஃப் ஐ வாஸ்' தாராளமாகப் புழங்குகிறது, ஆனால் 'வேர்' போய்விடவில்லை. கவனமாக எழுதுவோர் இன்றும் அதைத்தான் எழுதுகிறார்கள். 2002இல் ராட்னி ஹட்டில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணம் இதற்கு 'இர்ரியாலிஸ் வேர்' என்று தனிப்பெயரே வைத்தது. உண்மையல்லாததைச் சொல்லும் 'வேர்' என்று வைத்துக்கொள்ளலாம்.

'வேர்' எழுதினால் படித்தவர் போலத் தெரியும் என்ற எண்ணத்தில் அதை எல்லா இடத்திலும் போடுகிறவர்கள் உண்டு. அது 'வாஸ்' எழுதுவதைவிட மோசம். "நேற்று நான் கடுமையாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள்" என்பதற்கு 'இஃப் ஐ வாஸ் ரூட் யெஸ்டர்டே, ஐ அபாலஜைஸ்' என்பதே சரி. நான் கடுமையாகப் பேசியிருக்கலாம், பேசாமலும் இருந்திருக்கலாம். கதவு திறந்தே இருக்கிறது, பேசப்படும் காலமும் உண்மையாகவே நேற்று. அங்கே 'வேர்' போட்டால், "நான் அப்படிப் பேசவில்லை, பேசியிருந்தால் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்" என்ற தொனி வந்து மன்னிப்பே கெட்டுவிடும். அதேபோல, "அவன் வருகிறானா என்று கேட்டேன்" என்பதை எழுதும்போது 'இஃப் ஹீ வாஸ் கமிங்' போதும். அங்கே 'இஃப்' நிபந்தனையே அல்ல, 'வருகிறானா' என்பதில் உள்ள வினா 'ஆ'வின் வேலையைத்தான் அது செய்கிறது.

சரி, கற்பனையைச் சொல்ல ஏன் இறந்தகாலம்? இங்கிலீஷ்காரர்களின் விசித்திரம் என்று விட்டுவிட முடியாது. ஃபிரெஞ்சில் 'சி' என்று தொடங்கும் கற்பனை நிபந்தனைக்கு இறந்தகால வடிவம்தான் வருகிறது. ரஷ்ய மொழியில் 'பி' என்ற சிறு சொல்லும் இறந்தகால வினையும் சேர்ந்தால்தான் கற்பனை. ஜப்பானியில் 'கிதா' என்றால் வந்தான்; 'கிதாரா' என்றால் வந்தால்.

தமிழில் 'வந்தான்', 'வந்தால்' இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். இரண்டிலும் இருப்பது 'வந்த்' என்ற இறந்தகால அடிதான். 'நாளைக்கு மழை பெய்தால்', 'அடுத்த வருஷம் கல்யாணம் நடந்தால்' என்று இன்னும் வராத நாட்களைப் பற்றித் தயக்கமே இல்லாமல் இறந்தகால அடியில் பேசிக்கொண்டிருக்கிறோம். எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய தமிழில் நிபந்தனைக்கு 'செயின்', 'வரின்' என்ற வடிவங்களே செல்வாக்காக இருந்தன. வினையெச்ச வாய்பாடுகளை அடுக்கும் நன்னூல், 'செயின்' என்பதை எதிர்காலத்துக்கு உரியவற்றோடு வைக்கிறது. எதிர்காலத்தில் இருந்த நம் நிபந்தனை, இன்றைய பேச்சில் இறந்தகால அடிக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. இங்கிலீஷும் ஜப்பானியும் தமிழும் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டிருக்க வழியில்லை.

சூசன் ஸ்டீல் என்ற மொழியியலாளர் 1975இல் அமெரிக்கப் பழங்குடி மொழிகளை ஆராய்ந்தபோது, இறந்தகாலக் குறிப்பும் உண்மையல்லாததன் குறிப்பும் ஒரே வடிவத்தில் வருவதைக் கண்டார். இரண்டுக்கும் பொதுவானது விலகல் என்றார். இறந்தகாலம் என்பது இப்போதிலிருந்து விலகியது. கற்பனை என்பது உண்மையிலிருந்து விலகியது. 2000இல் சபீன் யாத்ரிது கிரேக்க மொழியை மையமாக வைத்து இதே எண்ணத்தை விரிவாக வளர்த்தார். அவர் பார்வையில் நாம் இறந்தகாலம் என்று அழைக்கும் உருபுக்குக் காலம் என்பது ஒரு பயன் மட்டும்தான். அதன் அடிப்படை வேலை, "பேசுகிறவர் நிற்கும் இடம் இது அல்ல" என்று காட்டுவது. அந்த இடம் வேறு நேரமாகவும் இருக்கலாம், வேறு உலகமாகவும் இருக்கலாம்.

எனக்கு இது நியாயமாகவே படுகிறது, ஏனென்றால் இறந்தகாலத்தை இடம் மாற்றிப் பயன்படுத்துவது நமக்குப் புதிதில்லை. அழைத்த குரலுக்கு, எழுந்திருக்கும் முன்னரே "இதோ வந்துட்டேன்" என்கிறோம். தொல்காப்பிய வினையியல் இதைப் பிழை என்று தள்ளவில்லை. விரைவு தோன்றும்போது வருங்காலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் இறந்தகாலம் வரலாம் என்று இடம் கொடுக்கிறது. ஒருவர் முன்னால் போய் நின்று "உங்ககிட்ட ஒரு விஷயம் கேட்கணும்னு நினைச்சேன்" என்பதும் அப்படித்தான். நினைத்து முடித்துவிட்டோமா என்ன? இன்னும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நேரடியாகக் கேட்காமல் ஓரடி தள்ளி நிற்கும் பணிவு அது. இங்கிலீஷில் 'கேன் யூ' என்பதைவிட 'குட் யூ' பணிவானது. 'குட்' என்பதும் 'கேன்' வினையின் இறந்தகாலமே.

ஆனால் இதை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. எதிர்க்கட்சியின் வாதமும் அழகானது. அவர்கள் இறந்தகாலம் இறந்தகாலம்தான் என்கிறார்கள். நடக்காத ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டுமானால், அது நடக்க இன்னும் வாய்ப்பு இருந்த கட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். பாதை பிரிந்த இடத்துக்குப் போய் மற்றக் கிளையில் நடந்து பார்க்க வேண்டும். பின்னால் போகிற அந்தப் பயணத்தைத்தான் வினையின் இறந்தகாலம் காட்டுகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்து இரண்டு கட்சியையும் சோதிக்கலாம். உறவினர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து நிற்கிறார். நீங்கள் நாளைக் காலை ரயிலில் ஊருக்குப் போவதாக இருக்கிறீர்கள். "நல்லவேளை, நாளைக்கு வந்திருந்தீங்கன்னா என்னைப் பார்த்திருக்கவே முடியாது" என்கிறீர்கள். இங்கிலீஷிலும் இதற்கு 'இஃப் யூ ஹேட் கம் டுமாரோ' என்பதே சரியான வடிவம். பேசப்படும் நாள் நாளை. வினையோ இரட்டை இறந்தகாலம். அதில் வருகிற காலத்தைத் தேடினால் எந்தக் கணக்கும் ஒத்துவராது. விலகல் கட்சிக்கு இது சுலபம்: வந்தாயிற்று, ஆகவே 'நாளைக்கு வருவது' என்பது மூடிப்போன கதவு, அதற்குரிய தூரத்தை வினை காட்டுகிறது. பின்பயணக் கட்சியும் தோற்றுவிடவில்லை: எந்த நாளில் கிளம்பலாம் என்று உறவினர் இன்னும் முடிவு செய்யாத கட்டத்துக்குப் போய்ப் பார்க்கிறோம் என்பார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

வடிவம் மாறினால் பொருள் எவ்வளவு மாறும் என்பதற்கு எர்னஸ்ட் ஆடம்ஸ் என்ற தத்துவ அறிஞர் 1970இல் காட்டிய சோடி வாக்கியங்கள் பேர்போனவை. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் அதிபர் கென்னடி சுடப்பட்டார். ஆஸ்வால்ட் மீது கொலைப்பழி. "ஆஸ்வால்ட் கென்னடியைக் கொல்லவில்லை என்றால் வேறு யாரோ கொன்றிருக்கிறார்கள்." இதை யாரும் மறுக்க முடியாது, கென்னடி இறந்தது உறுதி. "ஆஸ்வால்ட் கென்னடியைக் கொல்லாமல் விட்டிருந்தால் வேறு யாராவது கொன்றிருப்பார்கள்." இதைச் சொல்ல, பின்னால் ஒரு பெரிய சதி இருந்தது என்று நம்ப வேண்டும். செய்தி ஒன்றே போலத் தோன்றுகிறது. மாறியது வினையின் வடிவம் மட்டும்தான். அதற்குள் ஒருவர் சதிக் கோட்பாட்டாளர் ஆகிவிட்டார்.

இப்படிப்பட்ட வடிவமே இல்லாத மொழியில் பேசுகிறவர்கள் கற்பனை நிபந்தனைகளை எப்படிச் சிந்திப்பார்கள்? ஆல்ஃபிரட் புளூம் என்ற உளவியலாளர் 1970களில் ஹாங்காங்கில் மக்களிடம், அரசு இப்படி ஒரு சட்டம் போட்டால் உங்கள் எதிர்வினை என்னவாக இருக்கும் என்ற மாதிரிக் கேள்விகளைக் கேட்டார். "அரசு அப்படிச் செய்யவில்லையே", "செய்யாதே" என்ற பதில்களே வந்தன. சீன வினைகளுக்குக் கால விகுதி கிடையாது, கற்பனைக்கென்று தனி வடிவமும் இல்லை. 1981இல் வெளியான நூலில், அந்த மொழி பேசுவோருக்கு இப்படிப்பட்ட சிந்தனை சிரமம் என்ற அளவுக்கு அவர் போய்விட்டார். இரண்டே ஆண்டில் டெர்ரி ஆவ் என்ற ஆய்வாளர் பதில் தந்தார். புளூமின் கதைகளைச் சரளமான சீனத்தில் திருத்தி எழுதிக் கொடுத்தபோது சீன மாணவர்கள் எளிதாகப் புரிந்துகொண்டார்கள். பிடிபடாத இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தபோது அமெரிக்க மாணவர்களே தடுமாறினார்கள். கோளாறு மொழிபெயர்ப்பில் இருந்தது. சந்தைக்குப் போகாத சீனப் பாட்டி ஒருத்தி, நேற்றே போயிருந்தால் மலிவாகக் கிடைத்திருக்குமே என்று அங்கலாய்க்க மாட்டாள் என்று ஒரு பேராசிரியர் நம்பியதுதான் எனக்கு வியப்பு.

இந்த வாக்கியங்களைப் படிக்கும்போது மூளை என்ன செய்கிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். ஹெதர் ஃபெர்குசனும் ஆண்டனி சான்ஃபோர்டும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பூனைகள் சைவமாக இருந்தால் என்று தொடங்கும் பத்தியைக் கொடுத்து வாசகரின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். பூனைக்குக் கேரட் போடுவது அந்தக் கற்பனைக்குள் பொருத்தமானதே. இருந்தும் கண் ஒரு கணம் இடறியது. நிஜப் பூனையைப் பற்றிய அறிவு முதலில் குறுக்கே வந்தது, கற்பனை பிறகே ஏறியது. 2012இல் மாண்டே நியூலாண்டும் ஆண்ட்ரியா மார்ட்டினும் மூளை மின்னலைகளை அளந்தபோது வேறு முடிவு வந்தது. அப்பல்லோ திட்டம் இல்லாதிருந்தால் நிலவில் முதலில் இறங்கிய நாடு ரஷ்யாவாக இருந்திருக்கும் என்பது போன்ற வாக்கியத்தில், கற்பனைக்குப் பொருந்தும் சொல்லை மூளை உடனடியாகவே ஏற்றுக்கொண்டது. உண்மை வரலாற்றின் இழுப்பு தென்படவில்லை. நிபந்தனை எவ்வளவு திடமாகப் பாதை போட்டுக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறலாம்.

எழுத்துக்குத் திரும்புவோம். இன்று அதிகம் கேலிக்கு உள்ளாகும் பிழை 'வுட் ஆஃப்'. 'வுட் ஹேவ்' பேச்சில் சுருங்கி 'வுட்டவ்' ஆகிறது. அழுத்தமில்லாத 'ஆஃப்' என்ற சொல்லும் இங்கிலீஷ்காரர் வாயில் 'அவ்' என்றுதான் ஒலிக்கும். காதால் கேட்டு எழுதுகிறவர்கள் தவறான சொல்லைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். நம்மவர்கள் இந்தப் பிழையை அபூர்வமாகவே செய்வார்கள், ஏனென்றால் நாம் இங்கிலீஷைக் காதால் கற்பதற்கு முன் கண்ணால் கற்றவர்கள்.

இன்னொன்று அமெரிக்கப் பேச்சில் பெருகியிருக்கும் 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன்'. விளைவுப் பாதிக்கு உரிய 'வுட் ஹேவ்' நிபந்தனைப் பாதிக்கும் வந்துவிடுகிறது. இரண்டு பாதியுமே நடக்காதவை, இரண்டுக்கும் ஒரே முத்திரை குத்திவிட்டால் என்ன என்பது போல ஒரு தர்க்கம் இதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எழுத்தில் இது இன்னும் பிழை. சந்தேகம் வந்தால் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இங்கிலீஷில் 'இஃப்' சொல்லையே எடுத்துவிட்டு வினையை முன்னால் தூக்கி வைத்தாலும் நிபந்தனை நிற்கும்: 'ஹேட் ஐ நோன்', 'வேர் ஐ ரிச்', 'ஷுட் யூ நீட் எனிதிங்'. இந்தப் பழைய கட்டமைப்பு 'ஹேட்', 'வேர்', 'ஷுட்' என்ற மூன்றைத் தவிர வேறு எதையும் அநேகமாக உள்ளே விடுவதில்லை. 'வுட் ஹேவ்' போட்டு அதேபோலத் திருப்பிப் பாருங்கள். 'வுட் ஐ ஹேவ் நோன்' என்று வரும், அது நிபந்தனையாக நிற்காமல் கேள்வியாகிவிடும்.